கைலி கட்டிய கப்பித்தான்

1846, தை 28

கப்பலின் பெயர் புரூடென்ஸ். அமெரிக்கர்களுடைய திமிங்கில வேட்டைக் கப்பல். திருகோணமலையில் ஸ்டூவர்ட் உத்தியோகத்தில் இருந்தவன் இறங்கி ஓடிவிட்டதால், அம்பலவாணர் ஆகிய நான் அந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசும் கணிதமும் வான சாஸ்திரமும் கற்றவன் நான். "கப்பித்தானுக்குப் பக்கத்திலேயே இருக்கிற உத்தியோகம்" என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் சாப்பிடும்போது தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன். ஸ்டூவர்ட் என்றால் பரிமாறுகிறவன்.

ஊரில் ஐயா, என் தகப்பனார், நான் கப்பலில் அதிகாரி என்று சொல்லித் திரிவார். சொல்லட்டும். நடுக்கடலுக்கு யார் விசாரிக்க வரப்போகிறார்கள்?

இன்னொன்று. இங்கே ஒவ்வொரு வெள்ளைக்காரனும் ஒவ்வொரு விதமான இங்கிலீசு பேசுகிறான். அதையெல்லாம் எழுதி முடியாது. என் நாட்குறிப்பில் அவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுவார்கள். காகிதம் என்னுடையது.

மாசி 2

இந்தக் கப்பலில் படிக்க வேண்டிய சாஸ்திரம் ஒன்றே ஒன்று: யார் எங்கே நிற்கலாம் என்பது.

பின்பக்க மேல்தளத்தில் காற்று வரும் பக்கம் கப்பித்தான் ஹாதவேக்கு மட்டும். அவர் அங்கே உலாவத் தொடங்கினால் மற்றவர்கள் எதிர்ப்பக்கம் போய் அடுப்புப் புகையை வாங்கிக்கொள்ள வேண்டும். படகுகளுக்குத் தலைவர்களான மேட்டுகள் பின்பக்கம். ஈட்டி எறிகிறவர்கள் நடுவில். சாதாரண மாலுமிகள் முன்பக்கத்தில் ஒரு பொந்துக்குள். நடுப் பாய்மரம்தான் எல்லை. மாலுமி வேலை இல்லாமல் அதற்கு இப்பால் வரக்கூடாது, கப்பித்தான் அப்பால் போகமாட்டார். அவராகப் பேசினாலொழிய அவரிடம் எவரும் பேசக்கூடாது. அவராகவும் பேசுவதில்லை. இன்று காலை "உப்பு" என்றார். இந்தக் கிழமையில் அவர் திருவாய் மலர்ந்தது அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் புதிதல்ல. யார் எந்த வாசலோடு நிற்க வேண்டும் என்பது அங்கே பாலகனுக்கும் தெரியும். ஆனால் அங்கே நான் வாசலுக்கு உள்ளே நின்றவன்.

சமையற்காரர் காயல்பட்டினத்து மீராசா மரைக்காயர். அண்ணன் என்கிற மரியாதையில் மீராசாக் காக்கா என்று கூப்பிடுகிறேன். உப்பிட்ட பன்றியிறைச்சியைக் கையால் தொடமாட்டார், நீட்டு இடுக்கியால் தூக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பானைக்குள் போடுவார். இந்தக் கப்பலில் என் பதவி எத்தனையாவது என்று அவரிடம் கேட்டேன்.

"தம்பி, நாம ரெண்டு பேரும் அந்தக் கணக்குலயே வரல. சோறு வருதுல்ல? இரிங்க."

என்னைத் தம்பி என்கிறார். படித்தவனை அப்படிக் கூப்பிடலாமா என்று அவருக்குத் தோன்றவில்லை. நானும் சொல்லிக் காட்டவில்லை.

மாசி 5

கப்பித்தான் இன்று ஒன்றும் பேசவில்லை. முட்டையைத் திருப்பி அனுப்பினார்.

மாசி 9

காலையில் பாய்மரத்து உச்சியில் இருந்தவன் "ஊதுது! அங்கை ஊதுது!" என்று கத்தினான். திமிங்கிலம் மூச்சு விட்டால் தண்ணீர் மேலே பீறிடும், அதைத்தான் அப்படிச் சொல்வது. மறுகணம் கப்பல் அமளிதுமளியாயிற்று. கப்பித்தான், மேட்டுகள், ஈட்டிக்காரர்கள் எல்லோரும் படகுகளில் குதித்தார்கள். வழக்கமாகக் கப்பலைப் பார்த்துக்கொள்ளும், எண்ணெய்ப் பீப்பாய் செய்கிற தச்சரையும் துடுப்புக்கு ஆள் போதாமல் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பெரிய தலை எல்லாம் கடலில். கப்பலில் நான், மீராசாக் காக்கா, சுக்கான் பிடிக்கிற போர்த்துக்கேய மனுவேல், கயிறு இழுக்க நாலு பேர்.

"ஸ்டூவர்ட், கப்பல் உன்ரை பொறுப்பு" என்று படகில் இருந்து கப்பித்தான் கத்தினார்.

வயதில் மூத்தவர் தாம் என்பதால் பொறுப்பு தமக்கே என்றார் காக்கா. வான சாஸ்திரம் கற்றிருக்கிறாரா என்று கேட்டேன். சோறு வடிக்கக் கற்றிருக்கிறீர்களா என்று அவர் கேட்டார். விவாதம் நீண்டது. இதற்கிடையில் மனுவேல் எங்கள் இரண்டு பேருடைய பேச்சையும் கேட்கவில்லை. "தொப்பி இல்லாதவன்ரை சொல்லுக்குச் சுக்கானைத் திருப்பமாட்டன்" என்றுவிட்டான்.

ஆகவே கப்பித்தானின் உயரத் தொப்பியை எடுத்துவந்து வைத்துக்கொண்டேன். கப்பலின் நன்மைக்காக. தொப்பி மட்டும் வைத்தால் அரைகுறையாக இருந்ததால் கோட்டையும் போட்டுக்கொண்டேன். மனுவேல் உடனே "ஓம் ஐயா" என்று சுக்கானைத் திருப்பினான். காற்று வரும் பக்கத்தில் சற்று உலாவியும் பார்த்தேன். நல்ல காற்று.

திமிங்கிலம் தப்பிவிட்டது. படகுகள் திரும்புவதற்குள் கோட்டைத் தூசு தட்டி மாட்டிவைத்தேன். தூசு தட்டுவது என் வேலைதான்.

மாசி 10

முதல் மேட் கிளாஸன் சட்டம் பேசியே தாடி நரைத்த மனிதர். கப்பித்தானின் தொப்பிக்குள் தேங்காயெண்ணெய் மணக்கிறது என்று காலையில் பொதுவாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டு, கப்பித்தானுடைய இடத்தை எடுத்துக்கொள்கிறவனுக்கு என்ன தண்டனை என்று விளக்கினார். பாய்மரத்தில் கட்டி அடித்து, ஆள் இல்லாத தீவு ஒன்றில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்களாம். போன பயணத்தில் அப்படி ஒருவனை இறக்கினார்களாம். ஒரு பீப்பாய் தண்ணீரும் ஒரு வேதப் புத்தகமும் கொடுத்தார்களாம்.

இனிமேல் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை.

மாசி 17

இதை எழுதிவைக்காவிட்டால் என் பக்கத்து நியாயம் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

காலையில் திமிங்கிலக் கூட்டம். எல்லோரும் படகுகளில் போய்விட்டார்கள். மனுவேலுக்காகத் தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டேன். தலையில் எண்ணெய் இல்லை.

உச்சி சாய்ந்த நேரம் இன்னொரு வேட்டைக் கப்பல் எங்களை நோக்கி வந்தது. ஹன்னா என்ற இங்கிலீசுக் கப்பல். கடலில் இரண்டு வேட்டைக் கப்பல்கள் சந்தித்தால் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கப்பித்தான் மற்றக் கப்பலுக்கு விருந்தாடப் போவார். கப்பித்தானைக் கப்பித்தான்தான் வரவேற்க வேண்டும். தன் தரத்துக்கு ஆள் இல்லாவிட்டால் வந்தவர் ஏணியில் கால் வைக்காமலே திரும்பிவிடுவார். அது நம் கப்பலுக்கு அவமானம்.

படகு வந்தது. பெரிய மீசையோடு ஒருவர் ஏறினார், அவருக்குப் பின்னால் நாற்காலி ஒன்றில் கட்டித் தூக்கப்பட்டு அவர் மனைவியான துரைசாணி.

"ரட்லிஜ், ஹன்னாவின்ரை கப்பித்தான். இது என்ரை மனுசி" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கடை மேட்மார் எல்லாரும் திமிங்கிலத்துக்குப் பின்னாலை போட்டினமோ?"

"ஓம். எல்லாரும் போட்டினம்."

"நீங்கள் போகேல்லையோ?"

"கப்பலைப் பாக்க ஓராள் வேணுமெல்லோ."

"அது சரி. இளசுகள் முறியட்டும்."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நீ கப்பித்தானா என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்.

அவர்களைக் கப்பித்தானின் அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தேன். அங்கேதான் மேசையும் நல்ல கோப்பைகளும் இருக்கின்றன. கப்பித்தானின் உடுப்புப் பெட்டியும் அங்கேதான் இருக்கிறது. இதை ஏன் எழுதுகிறேன் என்பது இனித் தெரியும்.

காக்கா கதவடியில் நின்று கையைக் காட்டினார். வெளியே போனேன்.

"தம்பி, கப்பித்தான் வந்திக்கிறாரு. அடுப்படியில இரிக்கிறாரு."

"ஏன் அடுப்படியிலை?"

"வந்து பாருங்க. சிரிக்காதீங்க."

ஈட்டி பட்டதும் திமிங்கிலம் ஓடியிருக்கிறது. ஈட்டியோடு கட்டிய கயிறு பாய்ந்து, கப்பித்தானின் காலைச் சுற்றிக்கொண்டது. அப்படிச் சுற்றினால் ஆளே போய்விடுவான். அவருடைய அதிர்ஷ்டம், பொத்தான் அறுந்தது. காலுக்குப் பதிலாகக் காற்சட்டை போயிற்று. படகும் உடைந்தது. மற்றப் படகொன்று அவரைக் கப்பலின் முன்பக்கமாக ஏற்றிவிட்டு, செத்த திமிங்கிலத்தை இழுத்துவரத் திரும்பிப் போய்விட்டது.

அடுப்புக்குப் பின்னால் ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு கப்பித்தான் ஹாதவே நின்றார். என் தலையில் இருந்த தொப்பியைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். என் கண்ணுக்கு முன்னால் ஒரு தீவும் ஒரு பீப்பாய் தண்ணீரும் தெரிந்தன.

"என்ரை காற்சட்டை" என்றார்.

"அறைக்குள்ளை இருக்கு, ஐயா. அறைக்குள்ளை ரட்லிஜ் கப்பித்தானும் இருக்கிறார். அவரின்ரை மனுசியும் இருக்கிறா."

"மனுசியோ?" கப்பித்தான் சாக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"வெளியாலை வரச் சொல்லட்டோ?"

"இப்பிடியோ? ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பினம். அவையள் போகுமட்டும் நான் இஞ்சைதான். நீ போ. சமாளி."

காக்கா தம்முடைய கட்டம் போட்ட கைலி ஒன்றைக் கொடுத்து, கட்டியும் விட்டார். வெள்ளைக்காரருக்குக் கைலி நிற்காது என்று இன்று அறிந்தேன். இடுப்பு ஒத்துழைப்பதில்லை.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் துரைசாணிக்குக் காற்று வேண்டுமாம், மேலே வந்துவிட்டா. அடுப்படியை எட்டிப் பார்த்து, "உங்கடை ஆளோ? நல்ல உயரம். கப்பித்தான், ஒரு தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லுங்கோவன்" என்றா.

ரட்லிஜும் வந்து பக்கத்தில் நின்றார். கப்பித்தான் ஹாதவே என்னைப் பார்த்தார். நான் கப்பித்தான் ஹாதவேயைப் பார்த்தேன். அந்த ஒரு நொடியில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்குத் தீவு, அவருக்குச் சிரிப்பு.

"தேத்தண்ணி கொண்டா" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

அறைக்குத் திரும்பி உட்கார்ந்தோம். அவர் கொண்டுவந்தார். ஒரு கையில் தட்டு, மறு கையில் கைலி. மேசையில் கோப்பையை வைப்பதற்கு இரண்டு கையும் வேண்டும். வேலைக்காரன் நான் இதைப் பழகியிருக்கிறேன், அவர் பழகவில்லை. கைலி நழுவத் தொடங்கியது. தட்டா கைலியா என்று அவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. துரைசாணியின் முன்னிலையில் எந்த நல்ல மனிதனும் எடுக்கும் முடிவைத்தான் எடுத்தார். தேநீர் முழுவதும் ரட்லிஜின் முழங்காலில் விழுந்தது.

ரட்லிஜ் துள்ளி எழும்பினார். "என்ரை கப்பலிலை இப்பிடி நடந்தால் மூண்டு நாள் முன்பக்கம்! மாலுமியளோடை அந்தப் பொந்துக்குள்ளை கிடக்கோணும். நீங்கள் இளகின ஆள் போலை, கப்பித்தான். இப்பவே சொல்லுங்கோ. நான் கேக்கோணும்."

என்ன செய்வேன்?

"மூண்டு நாள் முன்பக்கம்" என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

துரைசாணி மட்டும் இரங்கினா. "பாவம் மனுசன். உமக்குப் பிள்ளையள் இருக்கினமோ?" என்று அவரிடம் கேட்டா.

கப்பித்தான் திரும்பித் தமக்குப் பின்னால் பார்த்தார். கேள்வி தம்மிடம்தான் கேட்கப்பட்டது என்பதே அவருக்கு விளங்கவில்லைப் போலிருந்தது.

"ஒரு பொம்பிளைப் பிள்ளை, அம்மா. நான் வெளிக்கிடேக்கை நடக்கத் தொடங்கேல்லை."

"இப்ப ஓடித் திரிவாள்."

"ஓமம்மா. ஓடித் திரிவாள்."

துரைசாணி தன் பையிலிருந்து ஒரு தோடம்பழம் எடுத்து அவர் கையில் வைத்தா. அவர் அதை வைத்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. அவருக்கு மகள் இருப்பது எனக்குத் தெரியாது. கிளாஸனுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். கேட்க எங்களுக்கு அனுமதி இல்லை.

விருந்தாளிகள் பொழுதுபடும் மட்டும் இருந்தார்கள். அவர்கள் போகும்போது கிளாஸனின் படகு திமிங்கிலத்தை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. நான் கோட்டோடும் தொப்பியோடும் கை அசைத்து விடைகொடுப்பதைக் கிளாஸன் பார்த்துவிட்டார்.

மாசி 18

திமிங்கிலத்தை வெட்டி எண்ணெய் உருக்குகிறார்கள். தளம் முழுக்க வழுக்குகிறது. கோட்டைத் தூசு தட்டி மாட்டினேன். கப்பித்தான் ஒன்றும் பேசவில்லை. விசாரணை நாளைக்கு என்று கிளாஸன் சொல்லிவிட்டார். ஐயாவுக்கு யார் சொல்வார்கள்? என்னவென்று சொல்வார்கள்?

அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். நான் மெதுவாகத்தான் சொன்னேன் என்று காக்காவிடம் சொன்னேன்.

"மெதுவாவா? தேத்தண்ணி கொண்டான்னு நீங்க போட்ட சத்தத்துல பாய்மரமே ஆடிச்சு தம்பி."

"காக்கா, என்னைத் தீவிலை இறக்கிப் போடுவினம்."

"யாரு கண்டா. ஆனா ஒண்ணு சொல்றேன். நேத்து அவரு இங்கன குந்திக்கிட்டு எங்கூடக் கருவாட்டு ஆணமும் சோறும் கையால தின்னாரு. எங்க உம்மாவ பத்திக் கேட்டாரு. எங்க வாப்பா பேரக் கேட்டாரு. சிரிச்சாரு தம்பி. பல்லு முழுக்கத் தெரிஞ்சிச்சு."

கப்பித்தானுக்குப் பல் இருப்பதாகவே நான் நினைத்ததில்லை.

மாசி 19

எல்லோரையும் பின்பக்கத்துக்கு அழைத்தார்கள். கிளாஸன் குற்றத்தைச் சொன்னார்: ஸ்டூவர்ட் கப்பித்தானுடைய இடத்தை எடுத்துக்கொண்டான். கயிறு தயாராக இருந்தது.

கப்பித்தான் காற்று வரும் பக்கத்தில் நின்றார். "நீ ரட்லிஜிட்டை, நான்தான் கப்பித்தான் எண்டு சொன்னியோ?"

"இல்லை ஐயா. அவர் கேக்கேல்லை."

மாலுமிகள் வானத்தைப் பார்த்தார்கள்.

"கிளாஸன், நாங்கள் எல்லாரும் படகிலை போனால் கப்பல் ஆரின்ரை கையிலை?"

"கப்பலிலை நிக்கிறவரின்ரை கையிலை, ஐயா. நீங்களே குடுத்தது."

"அப்ப அண்டைக்குக் கப்பித்தான் ஆர்?"

கிளாஸன் நெற்றியைச் சுருக்கினார். அவருக்குச் சட்டம் என்றால் உயிர். "ஸ்டூவர்ட்தான், ஐயா."

"அப்ப நான் ஆர்?"

கிளாஸன் நரைத்த தாடியைத் தடவினார். "கைலியோடை நிண்டவர், ஐயா."

முன்வரிசையில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். கப்பித்தான் கவனிக்கவில்லை.

"கைலியோடை நிண்டவன் தேத்தண்ணியை ஊத்தினான். கப்பித்தான் தண்டனை சொன்னார். நானே காதாலை கேட்டனான். அந்தத் தண்டனை நிறைவேறினதோ?"

"இல்லை, ஐயா."

"கப்பித்தான் குடுத்த உத்தரவை மாத்தேலுமோ?"

"ஏலாது, ஐயா" என்றார் கிளாஸன். சொல்லி முடித்த பிறகுதான் அது எங்கே போய் நிற்கிறது என்பது அவருக்கு விளங்கியது.

கப்பித்தான் கோட்டைக் கழற்றினார். தொப்பியைக் கழற்றினார். இரண்டையும் என்னிடம் தந்தார்.

"ஐயா, எனக்குத் தண்டனை?"

"மூண்டு நாள் கப்பித்தான் இல்லாமல் கப்பல் ஓடேலாது" என்றார். பிறகு மாலுமிகளுக்கு நடுவால் நடந்து, நடுப் பாய்மரத்தைத் தாண்டி, முன்பக்கத்துப் பொந்துக்குள் இறங்கிவிட்டார்.

தீவு இல்லை! அடி இல்லை! நான் கப்பித்தான்! ஐயா, நீங்கள் ஊரில் சொன்னது உண்மையாகிவிட்டது.

மாசி 20

காலையில் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்தேன். கிளாஸன் சாப்பிட்டார், பேசவில்லை. நான் முதலில் பேச வேண்டும் என்பது வழக்கம். என்ன பேசுவது என்று யோசித்தேன். கடைசியில் "உப்பு" என்றேன்.

காற்று வரும் பக்கத்தில் உலாவினேன். எதிரே வந்த மூன்று பேரும் என்னைக் கண்டதும் மற்றப் பக்கம் போய்விட்டார்கள். மனுவேலிடம் நல்ல வெயில் என்றேன். "ஓம் ஐயா" என்றான். மழை வரும் போலிருக்கிறது என்றேன். "ஓம் ஐயா" என்றான்.

மாசி 21

அடுப்படிக்குப் போனேன். காக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"இரியுங்கோ காக்கா. சும்மா கதைக்க வந்தனான்."

"கப்பித்தான் முன்னாடி குந்தக் கூடாது, கப்பித்தான்."

"ஒருக்கால் தம்பி எண்டு சொல்லுங்கோ."

"அது முறையில்ல, கப்பித்தான்."

விளையாடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. என் கண் கலங்கிவிட்டது. அடுப்புப் புகை என்று அவர் நினைத்திருப்பார்.

முன்பக்கத்தில் இருந்து ஒரே சிரிப்பும் பாட்டும். கப்பித்தான் ஹாதவே கிழங்கு சீவுகிறார், கைலி கட்டிக்கொண்டு சீட்டாடுகிறார், தோற்கிறார், எல்லோரும் முதுகில் தட்டுகிறார்கள். தம்முடைய மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஒரு பாட்டுப் பழக்குகிறார். அதைக் கேட்க நடுப் பாய்மரம் வரைக்கும் போனேன். பின்னால் கிளாஸன் தொண்டையைச் செருமினார்.

"கப்பித்தான்மார் அங்காலை போறேல்லை, ஐயா."

திரும்பி வந்து காற்று வரும் பக்கத்தில் நின்றேன். குளிர் காற்று.

மாசி 22

தண்டனை இன்று காலையோடு முடிந்தது. ஒரு மனிதனைக் கண்டு நான் இவ்வளவு மகிழ்ந்ததில்லை. கப்பித்தான் ஹாதவே கைலியை மடித்துக் காக்காவிடம் கொடுத்துவிட்டுக் காற்சட்டையோடு பின்பக்கம் வந்தார். நானே கோட்டை விரித்துப் பிடித்தேன். அவர் கையை நுழைத்தார். ஓடிப்போய்த் தேநீர் போட்டேன். "போட்டாச்சா தம்பி?" என்று காக்கா கேட்டார். அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன், கையில் தட்டு இருந்தது.

கப்பித்தான் மேசையில் தனியாக உட்கார்ந்து பாதிக் கோப்பை குடித்தார். முகம் பழையபடி கல்லாகிக்கொண்டிருந்தது. அப்போது முன்பக்கத்தில் அந்தப் பாட்டைத் தொடங்கினார்கள். அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். இரண்டாம் அடியை அவர்கள் பிழையாகப் பாடினார்கள். அவருடைய உதடு அசைந்தது.

கதவடியை ஒருமுறை பார்த்தார். கிளாஸன் அங்கே நின்றார். பிறகு என்னுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே கோப்பையை மேசைக்கு வெளியே நீட்டி, மெதுவாக, கடைசிச் சொட்டு வரைக்கும் தரையில் கவிழ்த்தார்.

"கை தவறீட்டுது" என்று சொல்லிவிட்டுக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.